இரண்டு கேட் வீட்டின் ரிவர்ஸ் லைட்

அன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு தெருவில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவற்றில் ஒன்றும் சரியில்லை.

ஓட்டுநர் இருக்கையில் பெரியவர். அரசாங்கக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; உட்கார்ந்தாலும் நின்றாலும் அவர் முதுகு ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டிக்குப் பின்னால் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து நின்றவர் அவருடைய தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவர். அவருக்குப் பக்கத்தில் கையில் ஒரு காகிதத்தோடு வீட்டு மாப்பிள்ளை. ஓரமாக நாற்காலி போட்டு, செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் பெரியவரின் மனைவி, அதாவது சின்னவருக்கு அண்ணி. நான்கே பேர். எதிர்வீட்டுக்காரரும் அங்கே இருந்தார் என்று சொல்வது தவறு. அவர் தம்முடைய மொட்டைமாடியில் இருந்தார். அங்கிருந்து எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம்.

“எரியுதா?” என்றார் பெரியவர்.

“எரியலை அண்ணா.”

“நல்லாப் பாருடா.”

சின்னவர் கையைக் குடையாகக் கவித்துக்கொண்டு நன்றாகப் பார்த்தார். பின்பக்கத்து இரண்டு வெள்ளைக் கண்ணாடிகளும் அவரைப் பார்த்தன. வெளிச்சம் மட்டும் இல்லை.

மாப்பிள்ளை காகிதத்தில் விரல் வைத்துப் படித்தார். “ஹெட்லைட் சரி. பிரேக் லைட் சரி. இண்டிகேட்டர் சரி. ஹாரன் சரி. ரிவர்ஸ் லைட்...” அந்த இடத்தில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலில் கொஞ்சம் சந்தோஷம் கலந்திருந்தது என்று சின்னவருக்குப் பட்டது.

விஷயம் இதுதான். அந்த வண்டிக்கு வயது இருபத்தேழு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அதற்குத் தகுதிப் பரிசோதனை. போன முறை வரைக்கும் ஓர் ஏஜென்ட் வந்து வண்டியை எடுத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இந்த முறை விதி மாறிவிட்டது. சொந்தக்காரரே வண்டியோடு வர வேண்டும். ஒவ்வொரு விளக்கும் அதிகாரியின் கண்ணெதிரே எரிய வேண்டும்.

மாப்பிள்ளையிடம் புது வண்டி ஒன்று உண்டு. அதில் கியரே கிடையாது. பொத்தானைத் தட்டினால் போதும். பழையதை இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டு மாமனார் இனி தன் வண்டியில் பின்சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்து வரலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அந்தப் பேச்சு முற்றிவிட்டது.

“நாளைக்குப் பாஸ் ஆயிட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் மாமா. ஆகலைன்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும்.”

“குடுத்துடறேன்” என்றார் பெரியவர். “எங்க வீட்டுல சொன்ன சொல் மாறினது கிடையாது.”

அப்போது சின்னவர் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கும் அதே ரத்தம்தான். “வண்டிக்கு நான் பொறுப்பு. ஒரு குறை வந்தா என்னைக் கேளுங்க மாப்பிள்ளை” என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இப்போது குனிந்து நின்றார். அண்ணன் பின்சீட்டில் பார்சல் மாதிரி உட்கார்ந்து போகும் காட்சியை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“இது பல்பு” என்று நிமிர்ந்து அறிவித்தார். “சந்தேகமே இல்ல. பத்து நிமிஷ வேலை.”

சின்னவர் பேச்சில் இவ்வளவு உறுதி இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளராக இருந்தவர். எத்தனையோ ஆயிரம் மாணவர்களுக்குப் பல்பும் பாட்டரியும் அவர் கையால்தான் போயிருக்கின்றன.

ஸ்க்ரூ டிரைவர் வந்தது. விளக்கின் மேல்மூடியில் நான்கு திருகுகள். மூன்று வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்து, தலை மழுங்கி, அசைய மாட்டேன் என்றது. சின்னவர் மூடியின் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து லேசாக நெம்பினார். டக்கென்று ஒரு சத்தம்.

“என்னடா அது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“திருகு வந்துடுச்சு அண்ணா.”

“திருகு வரலை, கண்ணாடி விரிஞ்சிடுச்சு” என்றார் அண்ணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணி அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் கண்ணெதிரே ஒரு தப்பு போனால் அவரால் விட முடியாது. தாமாக எதையும் சொல்ல மாட்டார். ஆனால் சொல்லப்பட்டது தப்பு என்றால், அது யார் வாயிலிருந்து வந்தாலும் சரி, அந்த இடத்திலேயே திருத்திவிடுவார்.

விரிந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டு, சின்னவர் கடைக்குப் போய்ப் புதுப் பல்பு இரண்டு வாங்கிவந்து மாட்டினார். “அண்ணா, ரிவர்ஸ் போடுங்க!”

உள்ளே கியர் தடக்கென்று விழுந்தது. பெரியவர் எதையும் அரைமனதாகச் செய்ய மாட்டார். விளக்கு எரியவில்லை.

சின்னவர் பழைய பல்பை ஒரு பாட்டரியில் வைத்துப் பார்த்தார். அது பளிச்சென்று எரிந்தது.

“பிரேக்கை மிதிங்க மாமா, அதுவாவது சரியா இருக்கான்னு பாப்போம்” என்றார் மாப்பிள்ளை. பெரியவர் மிதித்தார். பிரேக் விளக்கு எரிந்தது; கூடவே இடது இண்டிகேட்டரும் மங்கலாக முழித்துப் பார்த்தது.

“சின்ன மாமா, காலையில இது இப்படி இல்லையே?”

“உள்ளே எர்த் வயர் கொஞ்சம் அசைஞ்சிருக்கும். அதெல்லாம் பெரிய விஷயமில்ல.”

இதற்குள் மாப்பிள்ளை போனில் ஒரு வீடியோ பார்த்து முடித்திருந்தார். வண்டி தோற்க வேண்டும் என்று விரும்புகிறவர் ஏன் உதவ வந்தார் என்று கேட்கலாம். நல்ல குடும்பத்துப் பிள்ளை. பந்தயம் வேறு, ஒத்தாசை வேறு என்று நினைப்பவர். “ஃப்யூஸா இருக்கும் சின்ன மாமா. ஹாரனோட ஃப்யூஸைக் கழட்டி ரிவர்ஸுக்குப் போட்டுப் பாக்கலாம். எரிஞ்சா அதுதான் காரணம்னு தெரிஞ்சுடும்.”

ஹாரன் ஃப்யூஸ் கழற்றப்பட்டது. ரிவர்ஸ் இடத்தில் போடப்பட்டது. கியர் தடக்கென்று விழுந்தது. எரியவில்லை. ஃப்யூஸைத் திரும்ப ஹாரன் இடத்தில் வைத்து அழுத்தியபோது அது மாப்பிள்ளையின் விரலிடுக்கில் இரண்டாகப் போயிற்று. அதைப் பிடித்திருந்த பித்தளைக் கவ்வியும் கூடவே வந்துவிட்டது.

பெரியவர் ஹாரனை அழுத்தினார். சத்தம் இல்லை.

“ஆக” என்றார் பெரியவர், “காலையில ஒரு லைட்டு எரியலை. இப்ப ஒரு லைட்டு எரியலை, ஒரு லைட்டு கேக்காமலே எரியுது, ஒரு கண்ணாடி விரிஞ்சிருக்கு, ஹாரன் ஊமையாயிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரம் விட்டா ரெண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தையும் கழட்டிடுவீங்க.”

“மாமா, நான் ஒரு தடவை உள்ளே உக்காந்து கியர் போட்டுப் பாக்கட்டுமா?”

அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் பெரியவரையும் ஏஜென்ட்டையும் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அந்த ஏஜென்ட் உட்கார்ந்து போன பிறகும் பெரியவர் இருக்கையைத் துடைப்பார்.

“சாயங்காலம் சாவி உங்க கைக்கு வந்தா உக்காருங்க மாப்பிள்ளை” என்றார் பெரியவர்.

மெக்கானிக் வந்தபோது மணி பதினொன்று. ஒல்லியான ஆள், காதில் ஒரு பென்சில், கையில் சோதனை விளக்கு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “எங்க தாத்தா காலத்து வண்டி சார் இது.”

“உங்க அப்பா காலம்” என்றார் அண்ணி. “கணக்குப் போட்டுப் பாருங்க.”

மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார். அரை மணி நேரத்தில் எர்த் வயரை முறுக்கி, ஹாரனுக்குப் புதுக் கவ்வி போட்டு, நடந்த சேதத்தை எல்லாம் சரிசெய்துவிட்டார். அப்புறம் வண்டிக்குக் கீழே படுத்து ஊர்ந்து போனார்.

“சார், ரிவர்ஸ் போடுங்க!”

தடக்.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“ரிவர்ஸ்தானே சார்?”

பெரியவருக்குப் பதிலாகச் சின்னவர் கொதித்தார். “யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறீங்க? இருபத்தெட்டு வருஷமா இந்த வண்டியை ஓட்டறவர் அவர்!”

“இருபத்தேழு” என்றார் அண்ணி. “அடுத்த மாசம்தான் இருபத்தெட்டு.”

“மன்னிச்சுக்குங்க சார்” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “கியர்பாக்ஸ்ல ஒரு சுவிட்ச் இருக்கு. ரிவர்ஸ் போட்டா அது அமுங்கும், கரண்ட்டு போகும். இங்க கரண்ட்டு போகலை. சுவிட்ச்சு போயிடுச்சு. இருங்க, ரெண்டு வயரையும் நேரா சேர்த்துப் பாக்கறேன்.”

சேர்த்தார். கொட்டகையின் பின்சுவர் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. இரண்டு விளக்கும் எரிந்தன.

“எரியுது! அண்ணா, எரியுது!” சின்னவர் கைதட்டியே விட்டார்.

பெரியவர் கியரை எடுத்தார். எரிந்துகொண்டே இருந்தது. இரண்டாவது போட்டார். எரிந்தது. மூன்றாவதிலும் எரிந்தது.

“நேரா சேர்த்திருக்கேன்ல சார், அப்படித்தான் இருக்கும்” என்றார் மெக்கானிக். “இதோட போனா, முன்னால போற வண்டியைப் பின்னால வருதுன்னு நினைச்சு ரோட்டுல எல்லாரும் ஒதுங்குவாங்க. புது சுவிட்ச்சு வேணும்.”

அந்த மாடலுக்குப் புது சுவிட்ச் எந்தக் கடையிலும் இல்லை. சின்னவர் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம் இரண்டுக்கு அலைந்து, மூன்றாவதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் கிரீஸாக வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. மெக்கானிக் சுவிட்ச்சை விரலால் அமுக்கிச் சோதித்தார். நன்றாக வேலை செய்தது. வண்டிக்குக் கீழே போய்ப் பொருத்தினார்.

“போடுங்க சார்.”

தடக்.

எரியவில்லை.

மெக்கானிக் வெளியே வந்து, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல. பல்பு நல்லாருக்கு. வயர் நல்லாருக்கு. சுவிட்ச்சு நல்லாருக்கு. எரிய மட்டும் மாட்டேங்குது.” பிறகு கொஞ்சம் தயங்கி, “சார், தெரியாமக் கேக்கறேன். கடைசியா எப்ப ரிவர்ஸ் எடுத்தீங்க?” என்றார்.

“நாங்க ரிவர்ஸ் எடுக்கறதில்ல” என்றார் பெரியவர்.

இது உண்மை. அந்த வீடு மூலைமனை. வண்டி வாங்கிய மாதமே பெரியவர் பக்கத்துத் தெருப் பக்கமாக இரண்டாவது கேட் ஒன்று வைத்துவிட்டார். கொட்டகைக்கு இரண்டு பக்கமும் வாசல். ஒரு கேட்டில் நுழைந்து இன்னொரு கேட்டில் வெளியேறுவது வழக்கம். வெளியே நிறுத்துவதென்றாலும் மூக்கு நேராக வெளியே பார்க்கிற மாதிரி இடமாகத் தேடி நிறுத்துவார், கிடைக்கும்வரை சுற்றுவார். சந்தில் எதிரே வண்டி வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். எதிராளி எப்பேர்ப்பட்டவரானாலும் ஐந்து நிமிடத்துக்குமேல் தாங்கியதில்லை.

“லைசென்ஸ் டெஸ்ட் அன்னைக்கே அந்த ஆபீசர் முகத்துக்கு நேராச் சொன்னவன் நான்” என்றார் பெரியவர். “‘எங்க குடும்பத்துல யாரும் பின்வாங்கினது கிடையாது’ன்னு. மனுஷன் வாயடைச்சுப் போயிட்டான்.”

மெக்கானிக்கும் வாயடைத்துத்தான் போனார். பெரியவர் சாப்பிட உள்ளே போனதும் சின்னவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

“சின்ன சார், மணி ஒண்ணரை. ஒரு வழி இருக்கு. லைட்டுக்குத் தனியா ஒரு வயர் இழுத்து, பின்சீட்டுக்கு அடியில ஒரு காலிங்பெல் பொத்தான் வெச்சுத் தர்றேன். நீங்க பின்னால உக்காந்துக்குங்க. அதிகாரி ரிவர்ஸ்னு சொன்னதும் அமுக்குங்க. எரியும். ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிக்காதீங்க, சுடும்.”

சின்னவருக்கு முகம் சிவந்தது. “அது ஏமாத்து வேலை இல்லையா?”

“எரியற லைட்டைத்தானே சார் எரிய வைக்கிறோம்?”

சின்னவர் யோசித்தார். ஒரு பக்கம் குடும்பத்தின் நேர்மை. இன்னொரு பக்கம் குடும்பத்தின் சாவி. அண்ணனிடம் சொன்னால் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஆகவே சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பது பொய் சொல்வது ஆகாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. அண்ணி சாப்பிடக் கூப்பிட வந்திருந்தார்.

“அண்ணி! நீங்க... அண்ணன்கிட்ட சொல்லிடுவீங்களா?”

“என்னைக் கேட்டா சொல்லுவேன். யாராவது கேட்டாத்தானே? இந்த வீட்டுல யாரு என்னை என்ன கேட்டிருக்கீங்க? வா, சோறு ஆறுது.”

பரிசோதனை மைதானம் ஒரு பெரிய சிமெண்ட் தளம். மஞ்சள் கோடுகள், நடுவில் வரிசையாகச் சிவப்புக் கூம்புகள், ஓரத்தில் நிழற்குடைக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில். அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. தொப்பி போட்டு, அட்டையில் காகிதத்தைச் செருகி வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் காத்திருந்தன. மாப்பிள்ளை தன் புது வண்டியில் வந்து ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் கைவேலை எப்படிப் போகிறது என்று பார்க்க மெக்கானிக்கும் வந்திருந்தார். அண்ணி வரவில்லை, குறுக்கெழுத்தில் இன்னும் நான்கு கட்டம் பாக்கி.

சின்னவர் பின்சீட்டில் சாமான் மூட்டை மாதிரி ஒடுங்கி, வலது கையைத் தொடைக்குக் கீழே விட்டிருந்தார்.

“எதுக்குடா பின்னால உக்காந்திருக்கே? முன்னால வா” என்றிருந்தார் பெரியவர்.

“இல்லண்ணா, இங்கதான் காத்து வருது.”

ஜன்னல் கண்ணாடி முழுக்க மூடியிருந்தது. பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஹெட்லைட், ஹாரன், பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறின. ஒட்டுநாடா ஒட்டிய கண்ணாடியை அதிகாரி ஒரு கணம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். பெரியவரின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

“ரிவர்ஸ் போடுங்க ஐயா” என்றார் அதிகாரி, வண்டிக்குப் பின்னால் நின்றபடி.

தடக். சின்னவர் அமுக்கினார்.

“எரியுது. அப்படியே இருங்க, எழுதிக்கிறேன்.”

அதிகாரி நிதானமாக எழுதினார். பேனா எழுதவில்லை; உதறிப் பார்த்தார்; வேறு பேனா எடுத்தார். தொடைக்குக் கீழே பொத்தான் சூடேறத் தொடங்கியது. முதலில் வெந்நீர்ச் சூடு. பிறகு இஸ்திரிப் பெட்டிச் சூடு. சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை.

“சரிங்க ஐயா. இப்ப மெதுவா ஒரு பத்தடி பின்னால எடுங்க.”

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘எரிகிறதா’ என்பதோடு முடியும் என்றுதான் சின்னவர் நினைத்திருந்தார். ஆனால் பெரியவர் கலங்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினார். கண்ணாடியைச் சரிபார்த்தார். திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி முன்னால் பாய்ந்தது.

பின்னால் அட்டையோடு நின்ற அதிகாரியின் கண்ணெதிரே, இரண்டு வெள்ளை விளக்கும் கண்ணைப் பறிக்க எரிந்தபடி, அந்த வண்டி அவரைவிட்டு விலகிப் போயிற்று. மூன்று கூம்புகள் சாய்ந்தன. நாற்காலி நகர்ந்தது. தண்ணீர்ப் பாட்டில் மேஜையிலிருந்து விழுந்து உருண்டது. பெரியவர் இன்னமும் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஏன் சிறியவராகிக்கொண்டே போகிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை.

“பிரேக் போடுங்க மாமா!” என்று மாப்பிள்ளை ஓடினார்.

வண்டி நின்றது.

“தரை சரிவா இருக்கு” என்றார் பெரியவர்.

“இன்னொரு தடவை எடுங்க ஐயா” என்றார் அதிகாரி, அமைதியாக. தளம் தட்டுப் போலச் சமமாக இருந்தது.

பெரியவர் இன்னும் பலமாக, இடதுபக்கம் தள்ளி, தடாரென்று கியரைப் போட்டார். சின்னவர் அமுக்கினார். விளக்கு எரிந்தது. வண்டி மறுபடியும் முன்னால் போய் நாலாவது கூம்பைச் சாய்த்தது. காத்திருந்த டிரைவர்கள் எல்லோரும் அவரவர் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்கள்.

அதிகாரி நடந்து வந்து கதவைத் திறந்தார். “ஐயா, கொஞ்சம் இறங்குங்க. நான் பாக்கறேன்.”

இறங்குங்கள் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் சொன்னது அரசாங்கம். பெரியவரும் அரசாங்க ஊழியராக இருந்தவர். இறங்கினார். அதிகாரி ஏறி உட்கார்ந்து, கியர்க் குமிழின் தலையில் உள்ளங்கையை வைத்துக் கீழே அமுக்கி, இடதுபக்கம் நகர்த்தி, முன்னால் தள்ளினார். சத்தமே இல்லை. வண்டி வெண்ணெய் மாதிரி பின்னால் வழுக்கிக்கொண்டு வந்தது.

கண்ணாடியில் அவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் நெற்றியெல்லாம் வியர்வை.

“உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேம்மா.”

“அப்ப அந்தக் கையை எடுங்க.”

சின்னவர் கையை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“எரியுது சார்!” என்று பின்னாலிருந்து மெக்கானிக் துள்ளினார். “சின்ன சார், கையை எடுத்தும் எரியுது! சுவிட்ச்சு வேலை செய்யுது!”

மைதானம் முழுக்க அதைக் கேட்டது. பெரியவர் மெதுவாகத் திரும்பினார். “எந்தக் கையை எடுத்தும்?”

சின்னவர் இறங்கி வந்து அண்ணன் முன்னால் நின்றார். கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. ஐம்பத்தொன்பது வயதில், பத்து வயதில் நின்ற மாதிரியே நின்றார். பெரியவர் அந்த விரலைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். “மூடன்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தம் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார்.

“ஐயா” என்றார் அதிகாரி, “லைட்ல ஒரு கோளாறும் இல்ல. காலையிலயும் இருந்திருக்காது. ரிவர்ஸுக்குக் குமிழை மேலேயிருந்து அமுக்கணும். நீங்க அமுக்காம பக்கவாட்டுல தள்ளியிருக்கீங்க. அது முதல் கியர். எவ்வளவு பலமாத் தள்ளினாலும் அது முதல் கியர்தான்.”

பெரியவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். “வித்தவன் சொல்லியிருக்கணும்” என்றார்.

“வண்டி பாஸ்” என்று அதிகாரி முத்திரையைக் குத்தினார். “எனக்கு வண்டியை மட்டும்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க. அந்தக் காலிங்பெல்லை மட்டும் கழட்டிடுங்க.”

மாப்பிள்ளை வந்து, தலையைக் குனிந்து, “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. சொன்னா சொன்னதுதான்” என்றார். பெரியவர் அவர் தோளைத் தட்டினார். பிறகு ஓட்டுநர் இருக்கையைத் துடைத்துவிட்டு ஏறி, வந்த வழியாக இல்லாமல் மைதானத்தின் எதிர்வாசல் வழியாக, ஹாரன் அடித்துக்கொண்டு வெளியேறினார். பின்சீட்டில் சின்னவர் நனைந்த கைக்குட்டையோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. மானம் தப்பியது, சாவியும் தப்பியது.

ஆனால் மெக்கானிக்கின் வாய் சும்மா இருக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செய்தி போய்விட்டது. போகப் போக வளர்ந்தது. பெரியவர் அதிகாரியின் மேஜையை உடைத்துவிட்டார் என்றார்கள், உடைந்தது ஒன்றுமில்லை. இத்தனை வருடமும் வண்டியைச் சின்னவர்தான் பின்சீட்டிலிருந்து ஓட்டிவந்தார் என்றும் ஒரு பேச்சு. அதை நம்புகிறவர்களும் இருந்தார்கள்.

ஆறு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியைவிட்டு இறங்கி, கேட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வாசற்படியில் நால்வரும் இருந்தார்கள். மாப்பிள்ளை மாமனாருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“என்னென்னமோ பேசிக்கிறாங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர், கேட்டின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு. “நான் நம்பலை. உங்க வாயால கேட்டாத்தான் நம்புவேன்.”

“என்ன பேசிக்கிறாங்க?” என்று சின்னவர் எழுந்தார்.

“இல்ல... இருபத்தேழு வருஷமா லைசென்ஸ் வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டறவருக்கு, ரிவர்ஸ் கியர் எங்க இருக்குன்னே தெரியாதாமே?”

“யார் சொன்னது?” சின்னவரின் குரல் இரண்டு கேட்டையும் தாண்டிக் கேட்டது. “என் அண்ணனைப் பத்தி என் எதிர்லயே வந்து கேக்கறதுக்கு என்ன துணிச்சல்! அது பச்சைப் பொய்! அண்ணி, நீங்களே சொல்லுங்க. இவர் சொன்னதுல ஒரு வார்த்தையாவது சரியா?”

பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்தார். எதற்கு எழுந்தார் என்று யாருக்கும் புரியவில்லை.

அண்ணி பென்சிலை நிறுத்தி, நிமிர்ந்து, கேள்வியை ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்தார்.

“ரிவர்ஸ் தெரியாதுங்கிறது சரி. லைசென்ஸ் வெச்சிருக்கார்ங்கிறதுதான் தப்பு” என்றார்.